ரேமும் மதர்போர்டும்: விளையாட்டுக் கணினி மேம்பாட்டில் பொருத்தம் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

விளையாட்டுக் கணினியை மேம்படுத்த நினைப்பவர்கள் முதலில் கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் ஒதுக்கிவிடுகிறார்கள். ரேமும் மதர்போர்டும் மீதிப் பணத்தில் வாங்கும் பொருள்களாகிவிடுகின்றன. வாங்கியபின் எழும் சிக்கல்களோ பெரும்பாலும் இந்த இரண்டையும் சுற்றியே வருகின்றன. ரேம் ஸ்லாட்டில் உட்காரவில்லை, திரை இருட்டாகவே நிற்கிறது, 3600 என்று விற்ற ரேம் 2133-இல் ஓடுகிறது, விளையாட்டின் நடுவே கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேகம் ரேமைப் பற்றிய கூற்று மட்டுமே. அந்த வேகம் கிடைக்க வேண்டுமானால் பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கண்ட்ரோலரும், மதர்போர்டின் செப்புத் தடங்களும், பயாஸும் அதற்கு இசைய வேண்டும். ஆகவே ரேமை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. பிராசஸர், போர்டு, ரேம் மூன்றையும் ஒரே முடிவாக எடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மாதிரியாக எடுத்துக்கொண்டது பி450 மதர்போர்டு, ரைசன் 5 3600 பிராசஸர், ஒற்றை 8 ஜிபி டிடிஆர்4 ரேம் கொண்ட கணினி. 2019, 2020 ஆண்டுகளில் குறைந்த செலவில் அசெம்பிள் செய்த பலரும் இப்படித்தான் தொடங்கினார்கள். ரேமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்.

2. தலைமுறைப் பொருத்தம்

2.1 ரேம்

டிடிஆர்4 தர வரையறையை ஜெடெக் அமைப்பு 2012-இலும், டிடிஆர்5 வரையறையை 2020-இலும் வெளியிட்டது. மேசைக் கணினிக்கான இரண்டு வகை ரேமிலும் 288 பின்கள்தான். ஆனால் அடிப்பக்க வெட்டு இருக்கும் இடம் வேறு. ஒன்றை மற்றொன்றின் ஸ்லாட்டில் செருக முடியாது. மின்சார ஏற்பாடும் வேறு. தர வரையறைப்படி டிடிஆர்4 இயங்குவது 1.2 வோல்ட்டில், அதை போர்டே சீராக்கித் தருகிறது. டிடிஆர்5 1.1 வோல்ட்டில் இயங்குகிறது. சீராக்கும் சிப் ரேமின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. எனவே இந்த எல்லையைத் தாண்ட எந்தக் குறுக்கு வழியும் இல்லை.

2.2 சாக்கெட்

ஏஎம்4 சாக்கெட்டுக்கு டிடிஆர்4 மட்டும். 2022-இல் வந்த ஏஎம்5-க்கு டிடிஆர்5 மட்டும். இன்டெலின் எல்ஜிஏ1851-க்கும் டிடிஆர்5 மட்டுமே. கவனம் வேண்டியது எல்ஜிஏ1700-இல்தான். 12, 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர்கள் இரண்டு வகை ரேமையும் ஏற்கும், ஆனால் போர்டு பொதுவாக ஒரு வகையை மட்டுமே ஏற்கும். பி760 என்று ஒரே சிப்செட் பெயரில் இரண்டு வகை போர்டுகளும் விற்பனையில் உண்டு. பெயரின் கடைசியில் வரும் ‘டி4’ என்ற சிறு குறிப்பைக் கவனிக்காமல் வாங்கினால் ரேமோ போர்டோ திரும்பக் கடைக்குப் போக வேண்டியதுதான்.

சாக்கெட் ஒத்துப்போனால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. 2017-இல் வந்த 8-ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர்களின் சாக்கெட் முந்தைய தலைமுறையைப் போலவே 1151 தான். இருந்தும் 100, 200 வரிசை போர்டுகளில் அவை வேலை செய்யவில்லை. 2020 மே மாதத்தில் ஏஎம்டி, பி450 போர்டுகளுக்கு அடுத்த தலைமுறை ரைசன் ஆதரவு கிடையாது என்று அறிவித்தது. பயனர்களின் எதிர்ப்பைக் கண்டு அதே மாதம் முடிவை மாற்றிக்கொண்டது. நம் மாதிரிக் கணினிக்கு இன்னும் வாழ்வு இருப்பது அந்த மாற்றத்தால்தான்.

3. எத்தனை ஸ்டிக், எந்த ஸ்லாட்

மாதிரிக் கணினியின் முதல் குறை ரேமின் அளவு என்று பலரும் நினைப்பார்கள். அளவோடு சேர்ந்த இன்னொரு குறையும் உண்டு: ஒற்றை ஸ்டிக். டிடிஆர்4 3200 ரேம் ஒரு சானலில் வினாடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிகாபைட் தரவைக் கடத்தும். இரண்டு ஸ்டிக் இரண்டு சானலில் இருந்தால் அது 51.2 ஆகிறது. சராசரி ஃபிரேம் எண்ணிக்கையைவிட, ஆட்டத்தின் நடுவே சட்டென்று திக்கி நிற்கும் இடங்களில்தான் இந்த வேறுபாடு கண்ணுக்குப் படும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸையே நம்பியிருப்பவருக்கு இது இன்னும் பெரிது.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக்கை, பிராசஸரிலிருந்து எண்ணும்போது பெரும்பாலும் இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். போர்டின் கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். அடுத்தடுத்து செருகினால் பல போர்டுகளில் இரண்டும் ஒரே சானலில் போய் விழும். காற்று கூலர் பெரியதாக இருந்தால் ரேமின் ஹீட்சிங்க் உயரத்தையும் அளந்து பார்க்க வேண்டும்.

பழைய 8 ஜிபிக்குத் துணையாக இன்னொன்று வாங்குவது மலிவான வழி. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பழைய ஸ்டிக் தேடுபவர் லேபிளில் உள்ள பார்ட் நம்பரைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போவது நல்லது. சர்வரிலிருந்து கழற்றிய டிடிஆர்4 ரேமும் மலிவாகக் கிடைக்கும். அதில் ரெஜிஸ்டர்ட் வகை ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் சாதாரண மேசைக் கணினி போர்டு அதோடு பூட் ஆகாது.

4. வேகமும் தாமதமும்

லேபிளில் ‘டிடிஆர்4-3200, 16-18-18-36, 1.35 வோல்ட்’ என்று இருப்பதாகக் கொள்வோம். 3200 என்பது வினாடிக்கு 320 கோடி பரிமாற்றம். ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு பரிமாற்றம் என்பதால், சிபியு-இசட் மென்பொருளில் ஏறத்தாழ 1600 மெகாஹெர்ட்ஸ் என்றே தெரியும். பாதி வேகத்தில் ஓடுகிறது என்று பதற வேண்டாம். முதலில் வரும் 16 என்பது கேட்ட தரவு வரத் தொடங்குமுன் கடக்கும் துடிப்புகள்; இதையே சிஎல் என்பார்கள். அதை 2000-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுத்தால் 10 நானோ வினாடி.

இதே கணக்கை டிடிஆர்5-க்குப் போட்டால் 4800 வேகமும் சிஎல் 40-உம் உள்ள ரேமின் தாமதம் 16.7 நானோ வினாடி. 6000 வேகமும் சிஎல் 30-உம் என்றால் மீண்டும் 10. அதாவது விலை குறைந்த டிடிஆர்5, நல்ல டிடிஆர்4-ஐவிட அதிகத் தரவைக் கடத்தினாலும் முதல் விடையைத் தாமதமாகவே தருகிறது. புதிய தலைமுறை என்ற ஒரே காரணத்துக்காக மாறுபவர் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

5. அச்சிட்ட வேகமும் உறுதியான வேகமும்

டிடிஆர்4-க்கு ஜெடெக் வரையறுத்த உச்சம் 3200. அதற்கு மேல் விற்கப்படுபவை எல்லாம் தயாரிப்பாளர் சோதித்து அறிவிக்கும் ஓவர்கிளாக் வேகங்கள். அவற்றின் அமைப்புகள் ரேமிலேயே பதிந்திருக்கும். இன்டெல் வழங்கும் எக்ஸ்எம்பி, ஏஎம்டி வழங்கும் எக்ஸ்போ என்ற பெயர்களில் அவற்றை பயாஸில் நாமே இயக்க வேண்டும். இயக்காவிட்டால் ரேம் தன் அடிப்படை வேகத்தில் ஓடும். டாஸ்க் மேனேஜரில் 2133 என்றோ 2666 என்றோ காட்டுவது பெரும்பாலும் இதனால்தான்.

பிராசஸர் உறுதி தரும் வேகம் அச்சிட்ட வேகத்தைவிடக் குறைவாக இருக்கலாம். ரைசன் 5 3600-க்கு அது 3200. ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு ஸ்டிக்கில் 5200; நான்கு ஸ்டிக் போட்டால் 3600 மட்டுமே. இந்த வீழ்ச்சியைப் பலர் அறியாமல், இரண்டு 16 ஜிபி இருக்கும் கணினியில் அதே போல் இன்னும் இரண்டு வாங்கிச் செருகி, 6000-இல் நிலைக்கவில்லையே என்று வருந்துகிறார்கள். குறை ரேமில் இல்லை. நான்கு ஸ்டிக்கின் சுமையை அந்த வேகத்தில் மெமரி கண்ட்ரோலரால் தாங்க முடிவதில்லை. டிடிஆர்5-இல் 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்குவதே என் பரிந்துரை. 16 ஜிபி நான்கை ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

போர்டு தயாரிப்பாளர்கள் தம் தளத்தில் சோதித்த ரேம்களின் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் இல்லாதது வேலை செய்யாது என்று பொருளில்லை. ஆனால் 6000-க்கு மேல் போக நினைப்பவர் பட்டியலைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

6. பயாஸும் வோல்டேஜும்

2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சில சாக்கெட்டிலேயே கருகின. எக்ஸ்போவை இயக்கியபோது சில போர்டுகள் பிராசஸரில் மெமரி கண்ட்ரோலர் இருக்கும் எஸ்ஓசி பகுதிக்கு அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கொடுத்தது தெரியவந்தது. ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் உச்சவரம்பு விதித்து, புதிய பயாஸ் வழியே அமலாக்கியது. வாங்கியவர்கள் தவறாக எதையும் செருகவில்லை. அவர்கள் வைத்திருந்த ரேம், போர்டு, பிராசஸர் மூன்றும் பட்டியல்படி பொருத்தமானவையே. எனவே புது போர்டை இயக்கியதும் முதல் வேலை பயாஸைப் புதுப்பிப்பது. எக்ஸ்போ அதற்குப் பிறகுதான். பிராசஸர் இல்லாமலே பென் டிரைவ் வழியாக பயாஸை ஏற்றும் பட்டன் உள்ள போர்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பேன்.

7. மாதிரிக் கணினிக்கான முடிவு

7.1 போர்டை வைத்துக்கொள்ளுதல்: பயாஸைப் புதுப்பித்து, 3200 வேகம், சிஎல் 16 கொண்ட 16 ஜிபி ஸ்டிக் இரண்டு போட்டு, ரைசன் 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி கிடைத்தால் மாற்றலாம். 96 எம்பி எல்3 கேஷ் இருப்பதால் அவை ரேமைத் தேடி ஓடும் தருணங்கள் குறைவு. விலையுயர்ந்த ரேமும் தேவைப்படாது.

7.2 எல்லாவற்றையும் மாற்றுதல்: ஏஎம்5-இல் பி650 அல்லது பி850 போர்டும் 6000 வேகம், சிஎல் 30 ரேமும் நியாயமான தேர்வு. ஏஎம்5-ஐ 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருப்பது இதற்கு வலு.

2025-இன் கடைசியில் செயற்கை நுண்ணறிவு சர்வர்களின் தேவையால் ரேம் விலை கடுமையாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் தன் குருஷியல் நுகர்வோர் வணிகத்தை விட்டு விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இந்நிலையில், கையில் ஓடிக்கொண்டிருக்கும் டிடிஆர்4 போர்டு இருப்பவருக்கு முதல் வழியே சரி என்று உறுதியாகச் சொல்வேன். உயர் தெளிவுத்திறனில் விளையாடுபவருக்குக் கட்டுப்பாடு கிராபிக்ஸ் கார்டிலேயே இருப்பதால், மிச்சப்படும் பணம் அங்கே போகட்டும்.

8. பொருத்தியபின் சோதனை

டிடிஆர்5 கணினியை முதல் முறை இயக்கும்போது போர்டு ரேமின் நேரக்கணக்குகளைத் தானே அளந்து பழகிக்கொள்கிறது. சில நிமிடங்கள் திரை இருட்டாக இருக்கலாம். அதற்குள் பவரை அணைத்துவிடக் கூடாது. எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்கியபின் மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு ஓட விட வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் வேகத்தை ஒரு படி இறக்கி மறுபடி சோதிக்க வேண்டும். பிழையுள்ள ரேம் விளையாட்டை நிறுத்துவதோடு நில்லாமல் சேமித்த கோப்புகளையும் சிதைக்கும். அடிப்படை வேகத்திலும் பிழை வந்தால் ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் குறையுள்ளதைக் கண்டறிந்து, கடைக்காரர் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இரண்டாகச் சேர்த்து விற்கப்பட்டதில் ஒன்று பழுதானாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றிக் கேட்க வேண்டும்.