குரங்குகள் தந்த எச்சரிக்கை

பெரும்பாலான வைரஸ்கள் சாதாரண மைக்ராஸ்கோப்பில் தென்படா. உயிரணுவினுள் புகுந்தாலன்றி எவையும் பெருகா. கண்ணுக்குப் புலனாகாத இப்பகைவனை விஞ்ஞானிகள் கண்டறியும் விதம் யாது? நம் நாட்டில் நிகழ்ந்த வரலாறு ஒன்றைக் காண்போம்.

1957-ஆம் ஆண்டில், அன்றைய மைசூர் ராஜ்யத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்து வீழ்ந்தன. சுற்றுப்புறச் சிற்றூர்களில் மக்களையும் கடுஞ்சுரம் பற்றியது, சிலர் மாண்டனர். குரங்குகளையும் கொல்லும் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவினுள் நுழைந்துவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது.

1952-இல் புனாவில் நிறுவப்பெற்ற வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் விரைந்து சென்றனர். இறந்த குரங்குகளின் உறுப்புகளிலிருந்தும் நோயாளரின் குருதியிலிருந்தும் எடுத்த பொருளைச் சுண்டெலிக் குட்டிகளுக்கு ஊசி வழியே செலுத்தினர். குட்டிகள் நோயுற்றன. அவற்றினின்று பிரித்த வைரஸைப் பிறவற்றோடு ஒப்பிட்டபோது, அது மஞ்சள் காய்ச்சலுக்குரியதன்று, ருஷ்யாவில் உண்ணிகள் பரப்பும் மூளைச்சுர வைரஸுக்கு உறவானது என்பது தெளிவாயிற்று. எனவே காட்டு உண்ணிகளை ஆராய்ந்தனர். அவற்றிலும் அதே வைரஸ் இருந்தது. முன்னர் அறியப்படாத அந்நோய்க்கு அக்காட்டின் பெயரே இடப்பட்டது.

குரங்குகளின் சாவைப் புறக்கணித்திருந்தால், மனிதரைத் தாக்கிய நோயின் மூலம் நமக்கு எளிதில் விளங்கியிராது. இன்றும் அப்பகுதியில் குரங்கு மடிந்து கிடப்பதைக் கண்டால், சுகாதாரத் துறையினர் அதனை நம்மைக் காக்கும் முன்னறிவிப்பாகவே கொள்கின்றனர்.