எல்லையூரும் எழுத்துருவும்: திருத்தணியை முன்வைத்து ஒரு குறிப்பு

படாஸ்கர் பரிந்துரையின்படி, சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லை மாறியபோதும் ஊரின் இருமொழி வழக்கு மாறவில்லை. மலைக்கோயிலுக்கு வரும் ஆந்திர அடியார்க்குத் தெலுங்கு அறிவிப்புகளும் தேவை. இத்தகைய ஊரின் அலுவலகக் கணினிகளில் எழுத்துரு நிறுவுவதை வெறும் தொழில்நுட்பப் பணியாகக் கருத இயலாது.

1999இல் தமிழக அரசு ஏற்ற இருமொழிக் குறியேற்றமான 'டாப்', 256 இடங்களின் கீழ்ப்பாதியில் ஆங்கிலத்தையும் மேற்பாதியில் தமிழையும் அமைத்தது. இருமொழி என்பது இங்குத் தமிழும் ஆங்கிலமுமே. எல்லையூரின் இருமொழி அதுவன்று. 8 பிட் தெலுங்கு எழுத்துருக்களும் அம்மேற்பாதி எண்களையே கையாண்டன. எனவே, ஓர் எண் எம்மொழி எழுத்தைக் குறிக்கிறது என்பதை எழுத்துருவே தீர்மானித்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலிருந்து அச்சிட்டால் வேறோர் எழுத்துரு அவ்விடத்தை நிரப்ப, தாளில் பொருளற்ற குறிகள் பதிந்தன. தட்டச்சுப் பிழையையேனும் படிப்பவர் ஊகித்துத் திருத்தலாம்!

ஒருங்குறி இரு மொழிகளுக்கும் தனித்தனியே 128 இடங்களை வகுத்தது. 2010இல் தமிழக அரசு அதனையும் 'டேஸ்-16' எனும் அனைத்து எழுத்துக் குறியேற்றத்தையும் ஏற்றது. குழப்பம் முற்றிலும் நீங்கியதெனக் கூறவியலாது. 'கொ' என்பதில் மெய்க்குப் பின் சேமிக்கப்படும் உயிர்க்குறியைப் பிரித்து இருபுறமும் அமைக்கத் தெரியாத அச்சு மென்பொருள், ஒருங்குறி எழுத்துரு இருந்தும் பிழையாகவே அச்சிடும்.

பழைய கோப்புகளின் நிலை இன்னும் கடினமானது. அவற்றைத் திரட்டுவோர் உரிய எழுத்துருவையும் சேர்த்துக் காக்கவில்லையெனில், எஞ்சுவது எண்களின் வரிசையே.