எம்-3யும் ஒரு ருஷ்ய அம்மணியும்

எஞ்சினியரிங் படித்தவர்களிடம் எம்-3 என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் வருகிற பேப்பர். நானும் அரியர் வைத்து, பழைய கொஸ்டின் பேப்பரை உருப்போட்டுத் தாண்டியவன்தான். கம்பியில் சூடு பரவும் கணக்கு என்றால் ஸ்டெப் மனப்பாடம், அவ்வளவே. போன மாதம் ஆபீஸ் வேலைக்காக அதே பாடத்தை மறுபடி புரட்டியபோது 'கோஷி-கோவலெவ்ஸ்கயா தேற்றம்' கண்ணில் பட்டது. (கோஷியை எங்க வகுப்பில் கடைசிவரை 'கௌச்சி' என்றுதான் சொன்னோம் :-)) அந்த இரண்டாவது ஆள் ஒரு பெண் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

சோஃபியா கோவலெவ்ஸ்கயா, 1850ல் மாஸ்கோவில் பிறந்தவர். சின்ன வயதில் வீட்டுக்கு ஒட்டிய வால்பேப்பர் பற்றாமல் போக, இவர் அறைச் சுவருக்கு மட்டும் அப்பாவின் பழைய கால்குலஸ் பாடத்தாள்களை ஒட்டிவிட்டார்கள். ருஷ்யாவில் பெண்களுக்குப் பல்கலைக்கழகம் கிடையாது. வெளிநாடு போக அப்பா அல்லது கணவன் அனுமதி வேண்டும். எனவே 1868ல் பெயருக்கு ஒரு கல்யாணம்! 1870ல் பெர்லின் போனால் அங்கேயும் வகுப்பில் உட்கார விடவில்லை. வயர்ஸ்ட்ராஸ் கேட்டுப் பார்த்தும் செனட் மசியவில்லை. மனிதர் நாலு வருஷம் தனியாகவே சொல்லிக்கொடுத்தார்.

சரி, என்னதான் செய்தார் அம்மணி? சமன்பாடும் தொடக்க மதிப்பும் பவர் சீரீஸாக விரியக்கூடியவை என்றால், விடையும் அப்படியே ஒன்றே ஒன்று கிடைக்கும் என்று நிறுவினார். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனை ஏன் தேவை என்று காட்ட அவர் எடுத்த உதாரணம், நாம் உருப்போட்ட அதே சூட்டுச் சமன்பாடு! தொடக்கச் சூடு 1/(1−எக்ஸ்) என்று வையுங்கள். நேரத்தில் ஒரு தடவை வகையிட, இடத்தில் இரண்டு தடவை வகையிட வேண்டியிருக்கிறது. எனவே எக்ஸ் பூஜ்யத்தில் நேரத்தின் அடுக்குகளுக்கு முன்னால் வரும் எண்கள் 1, 2, 12, 120, 1680, 30240 என்று எகிறுகின்றன. சீரீஸ் எங்கேயும் குவியாது. குருவே இதை எதிர்பார்க்கவில்லை.

நம்பாமல் புரோகிராம் எழுதி ஓட்டினேன். நேரம் 0.01. 25ஆம் அடுக்கு வரை உறுப்புகள் சாதுவாகக் குறைகின்றன. அட, குவியுதே என்று நினைக்கும்போது 26லிருந்து ஏறி, போயே போச்சு. நான் 20 உறுப்போடு நிறுத்தியிருந்தால் 'சரியான விடை' என்று டீமுக்கு மெயில் அனுப்பியிருப்பேன்.

1874ல் கெட்டிங்கன் பல்கலைக்கழகம், நேரில் வராமலேயே, வாய்மொழித் தேர்வும் இல்லாமல் டாக்டர் பட்டம் தந்தது. ஊர் திரும்பியவருக்குக் கிடைக்கக்கூடிய வேலை, சின்னப் பெண்களுக்கு வாய்ப்பாடு சொல்லித்தருவது! பல வருஷம் கணக்கையே தொடவில்லை. 1889ல்தான் ஸ்டாக்ஹோமில் முழுப் பேராசிரியர். 1891ல் இறந்தபோது வயது 41. அவர் எழுதிய கடிதங்களை வயர்ஸ்ட்ராஸ் எரித்துவிட்டார்.