சுங்கம் தவிர்த்த சோழனும் என் வீட்டு வரி ரசீதும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற வாரம் பழைய டிரங்குப் பெட்டியை ஒழுங்குபடுத்தியபோது வீட்டு வரி ரசீதுக் கட்டு ஒன்று கையில் கிடைத்தது. குன்றத்தூர் பேரூராட்சியாக இருந்த காலத்து ரசீதுகள். வாத்தியார் புத்தி போகுமா? ஆண்டு வாரியாக அடுக்கினேன். 2008 உயர்வுக்குப் பிறகு அரையாண்டுக்கு 620 ரூபாய். அடுத்த ஆண்டும் 620, அதற்கடுத்த ஆண்டும் 620. நடுவில் ஒரு முறை ஏறி, மறுபடி பழைய தொகைக்கே இறங்கியிருக்கிறது. 2022-ல் ஒரே தாவலாக 930.

அந்த 2022-ல் எதிர் வீட்டு அம்மா கேட்டது நினைவுக்கு வந்தது. "பதினாலு வருஷம் சும்மா இருந்துட்டு ஒரேயடியா ஏத்துனா எப்படி சார் கட்டுறது?" அவர் கணவர் பட்டுத்தறி நெய்தவர், இப்போது இல்லை. வீட்டின் பின்பக்கம் உள்ள இரண்டு அறைகளை ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். அதுதான் வருமானம். அன்று என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். பெரியபுராணம் தந்த சேக்கிழார் பிறந்த மண் இது. அவர் இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சராக இருந்தவர். அந்த மன்னனின் பாட்டனார் முதலாம் குலோத்துங்கன். வணிகப் பொருள்கள் வந்து போகும் வழியில் வாங்கிய சுங்கத்தை நீக்கியதால் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றவர். தொள்ளாயிரம் ஆண்டு கடந்தும் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பெயரைப் படிக்கிறார்கள். கட்டணத்தை நீக்கியவருக்குப் பட்டம் கிடைக்கிறது. தேவைக்கேற்ப உயர்த்தியவருக்கு யாரும் பட்டம் கொடுத்ததில்லை. ஆட்சிக்கு வருகிற எல்லோருக்கும் இது தெரியும்.

இன்னொரு கல்வெட்டும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டியது. குடவோலை முறைக்காக எல்லோரும் அதைச் சொல்வோம். நானும் வகுப்பில் அப்படித்தான் நடத்தினேன். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைப்பேன். ஆனால் அதில் உள்ள ஒரு விதியை அழுத்திச் சொல்லத் தவறிவிட்டேன். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. அது பிராமணர்களின் சபை, வரி கட்டும் நிலமும் சொந்த வீடும் உள்ளவர்களுக்கு மட்டுமே அதில் இடம் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இருந்தாலும், ஊர்ப் பணத்தைக் கையாண்டவர் கணக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்ற எண்ணம் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் ஏறியிருக்கிறது.

அடுத்து 1688. அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று மதராஸ் மாநகராட்சி தொடங்கியது. இந்தியாவின் முதல் மாநகராட்சி அதுதான். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நம்மீது திடீர் பாசம் வந்துவிடவில்லை. கம்பெனியே நேரடியாக வரி போட்டால் மக்கள் எதிர்க்கிறார்கள், ஊரார் அமர்ந்திருக்கும் ஒரு சபை போட்டால் மனமுவந்து கட்டுவார்கள் என்பது லண்டனில் இருந்த ஜோசையா சைல்டின் கணக்கு. அதனால்தான் ஆங்கிலேயரோடு இந்திய வணிகர்களுக்கும் அந்தச் சபையில் இடம் கொடுத்தார்கள். நோக்கம் எதுவாக இருந்தாலும், வரி கேட்பவர் ஊராருக்குப் பதில் சொல்லக்கூடியவராக இருக்கவேண்டும் என்பது வியாபாரிகளுக்கே புரிந்திருந்தது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம்.

சென்னையில் 1998-ல் சொத்து வரியைச் சீரமைத்தார்கள். மற்ற நகரங்களிலும் பேரூராட்சிகளிலும் 2008-ல். அதன் பிறகு பல ஆண்டுகள் யாரும் அதைத் தொடவில்லை. அந்த ஆண்டுகளில்தான் நம் பகுதி தலைகீழாக மாறியது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று தொழிற்சாலைகள் பெருகின. ஆள் பெருகியது, குப்பை பெருகியது, தண்ணீர்த் தேவை பெருகியது. 2021-ல் குன்றத்தூர் நகராட்சியானது. ஆனால் வீட்டு வரி 2008-லேயே நின்றுகொண்டிருந்தது.

2018 ஜூலையில் உயர்த்தினார்கள். 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்ததும், நிறுத்திவைத்தார்கள். கூடுதலாகக் கட்டியதைப் பின்னால் வரும் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். என் ரசீதில் ஏறி இறங்கிய கதை இதுதான். 2016 அக்டோபரிலிருந்து நகர்ப்புறத்தில் தேர்ந்தெடுத்த மன்றமே கிடையாது, தனி அலுவலர்கள்தான். யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது?

2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது. மார்ச் கடைசியில் அரசாணை வந்தது. குடியிருப்புகளில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்வு. சென்னையின் பழைய பகுதிகளில் இன்னும் கூடுதல். சொத்து வரியைச் சீரமைத்தால்தான் மானியம் என்று 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை வைத்திருந்ததையும் அரசு காரணமாகச் சொன்னது. இரண்டு ஆட்சிகளுமே தேர்தலைப் பார்த்துத்தான் நடந்துகொண்டன. இதில் கட்சி பேச எதுவும் இல்லை.

பேருந்துக் கட்டணத்திலும் இதே கதைதான். 2011 நவம்பருக்குப் பிறகு 2018 ஜனவரியில் ஒரேயடியாக உயர்த்தினார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சில நாளில் கொஞ்சம் குறைத்தார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. எங்கள் வீடு 900 சதுர அடி, அதனால் 50 சதவீத உயர்வு. 14 ஆண்டில் 50 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 3 சதவீதம் கூட வராது. ஆண்டுதோறும் 620 ரூபாயில் பதினெட்டு, இருபது ரூபாய் என்று ஏற்றியிருந்தால் எதிர் வீட்டு அம்மா கவனித்திருக்கவே மாட்டார். ஓய்வூதியக்காரனான எனக்கு விலைவாசிக்கு ஏற்ப அகவிலைப்படி ஆண்டுக்கு இரண்டு முறை ஏறுகிறது. ஏறாமல் போனால் சங்கம் வைத்துக் கேட்கிறோம். ஊருக்குத் தெருவிளக்கு போடுகிற நகராட்சிக்கு மட்டும் விலைவாசி ஏறாதா?

இதை உணர்ந்துதான் 2022-க்குப் பிறகு ஆண்டுதோறும் சிறிது உயர்த்தும் முறை விதியாகவே வந்துவிட்டது. சென்னை மாநகராட்சி 2024 அக்டோபரில் தொடங்கிய அரையாண்டுக்கு 6 சதவீதம் உயர்த்தியது. மின்கட்டணத்தையும் ஜூலை மாதங்களில் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி மாற்றுகிறார்கள். 2024 ஜூலையில் அது 4.83 சதவீதம்.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு மறுபடி பென்சிலை எடுத்தேன். ஆண்டுக்கு 6 சதவீதம் கூட்டுவட்டி போல ஏறினால் 12 ஆண்டில் இரண்டு மடங்கு. என் ஓய்வூதியம் ஓரளவு ஈடு கொடுக்கும். எதிர் வீட்டு அம்மாவுக்கு எந்த அகவிலைப்படியும் இல்லை. அதைவிட முக்கியமான ஒன்று: ஒரேயடியாக ஏற்றினால் ஊரே சத்தம் போடும், பதில் சொல்லியாக வேண்டும். சிறுகச் சிறுக ஏற்றினால் சத்தமே இருக்காது. கேள்வியும் இருக்காது.

ஆகவே ஆண்டுதோறும் சிறிது உயர்த்துவதே நியாயம், ஆனால் கணக்கும் ஆண்டுதோறும் ஊரார் முன் வரவேண்டும் என்பதே என் முடிவு. அதற்கு இடமும் இருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, கிராம சபை போலவே நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. நமக்குப் பக்கத்தில் உள்ள பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். எத்தனை பேர் நம் வார்டு சபைக்குப் போயிருக்கிறோம்? நானே போனதில்லை. ரசீதைக் கட்டி பெட்டியில் வைத்ததோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

நேற்று எதிர் வீட்டு அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏத்தட்டும் சார். எங்க தெருவுக்கு என்ன செஞ்சாங்கன்னு ஒரு தடவை சொல்லிட்டு ஏத்தட்டும்" என்றார்.

அடுத்த சபைக் கூட்டத்துக்கு இருவரும் போவதாகப் பேசியிருக்கிறோம். ரசீதுக் கட்டையும் எடுத்துப் போகிறேன். நம் வார்டு நண்பர்கள் யாராவது வந்தால் சேர்ந்தே போகலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்