பெரோஸ் காந்தி கொண்டுவந்த சட்டம்

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் அவர் வகித்த பதவிகளை அடுக்கிக் கூறுவது மரபு. பெரோஸ் காந்தியைப் பற்றி அவ்வாறு எழுதுதல் இயலாது. அவர் ஒருநாளும் அமைச்சராக இருந்தவர் அல்லர். நேருவின் மருமகன், இந்திரா காந்தியின் கணவர், ராஜீவ் காந்தியின் தந்தை என்று உறவுமுறை கொண்டே அவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவர் பெயரால் அறியப்பட வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. அது பிறந்து, இறந்து, மீண்டும் பிறந்த வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1912 செப்டம்பர் 12 அன்று பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்த பெரோஸ், அலகாபாத்தில் வளர்ந்து, விடுதலைப் போரில் சிறை புகுந்தார். 1942-இல் இந்திராவை மணந்தார். இவையெல்லாம் பலரும் அறிந்தவை. நம் பொருளுக்கு இன்றியமையாதது வேறொன்று. அவர் லக்னோவில் நேஷனல் ஹெரால்டு நாளிதழின் நிருவாகத்தைக் கவனித்தவர். பின்னர் இந்தியன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்திலும் பணியாற்றியவர். ஒரு செய்தியை அச்சிடுமுன் பத்திரிகை அலுவலகத்தில் எழும் அச்சம் எத்தகையது என்பதை உள்ளிருந்து அறிந்தவர் அவர்.

ரேபரேலிப் பகுதியிலிருந்து 1952-இல் மக்களவைக்குச் சென்ற பெரோஸ் தொடக்கத்தில் அதிகம் பேசவில்லை. 1955 டிசம்பரில் காப்பீட்டுச் சட்டத் திருத்த விவாதத்தில் எழுந்து, டால்மியா குழுமத்தின் காப்பீட்டு நிறுவனத்தில் பொதுமக்கள் செலுத்திய பணம் எவ்வாறு குழுமத்தின் சொந்தத் தேவைகளுக்குத் திருப்பப்பட்டது என்பதைக் கணக்குகளோடு எடுத்துரைத்தார். அவையில் இருந்தோர் வியந்தனர். அடுத்த மாதமே, 1956 ஜனவரியில், ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அவருடைய உரை ஒன்றே அதற்குக் காரணம் என்று கூறுவது மிகையாகும். ஆயினும் அவ்வுரை வழியைத் திறந்தது என்பதில் ஐயமில்லை.

இங்கேதான் அவர் ஒரு முரண்பாட்டைக் கண்டார். அரசமைப்பின் 105ஆம் பிரிவு, அவையில் பேசிய சொல்லுக்காக உறுப்பினர்மீது வழக்குத் தொடர இயலாது எனக் காக்கிறது. அவையின் ஆணைப்படி வெளியாகும் நடவடிக்கைக் குறிப்பேடுகளும் அவ்வாறே காக்கப்பட்டன. ஆனால் அதே உரையை மறுநாள் அப்படியே அச்சிடும் நாளிதழ்க்கு அக்காப்பு இல்லை. பெருஞ்செல்வர் ஒருவர் அவதூறு வழக்குத் தொடர்ந்தால் ஆசிரியர் நீதிமன்றப் படியேற வேண்டியதுதான். மக்கள் தேர்ந்தெடுத்தவர் மக்களுக்காகப் பேசியதை மக்கள் படிக்க வழியில்லை என்றால் அப்பேச்சால் ஆவது என்ன?

பெரோஸ் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். நாடாளுமன்ற நடவடிக்கைகளை, சாரத்தில் உண்மையாகவும் தீய நோக்கமின்றியும் பொதுநலனுக்காகவும் வெளியிடுவோர்மீது வழக்குத் தொடர இயலாது என்பது அதன் உள்ளடக்கம். அது 1956-இல் சட்டமாயிற்று. அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாக்களில் பெரும்பாலானவை விவாதத்தோடு முடிந்துவிடும். 1952-க்குப் பின் இரு அவைகளிலும் நிறைவேறியவை பதினான்கே. 1970-க்குப் பின் ஒன்றுகூட இல்லை. அந்தப் பதினான்கில் ஒன்று பெரோஸுடையது.

அச்சட்டம் இருந்ததனால் அடுத்த ஆண்டு நாடு ஒரு பெரும் விவாதத்தைத் தடையின்றிப் படித்தது. 1957 ஜூனில் ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்திரா என்னும் கல்கத்தா வணிகரின் ஆறு நிறுவனங்களில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. கழகத்தின் முதலீட்டுக் குழு கலந்தாலோசிக்கப்படவில்லை. டிசம்பர் 16 அன்று பெரோஸ் தம் கட்சியின் அரசையே நோக்கி அடுக்கடுக்காகக் கேள்விகளைத் தொடுத்தார். நிதியமைச்சர் நம் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. சென்னை அனுப்பிய அமைச்சர் ஒருவர் மன்றத்தில் நின்று விடை கூற இடர்ப்பட்ட அந்நாட்களைத் தமிழ்நாட்டு வாசகர்கள் எத்தகைய உணர்வோடு படித்திருப்பர் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்லா ஒருநபர் ஆணையமாக அமர்த்தப்பட்டார். விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. 1958 ஜனவரியில் அமர்த்தப்பட்ட ஆணையம் பிப்ரவரியிலேயே அறிக்கை தந்துவிட்டது! ஆணையங்களின் நீட்டிப்புகளைக் கண்டு பழகிப்போன நமக்கு இது நம்பவே அரிய செய்தி. தம் செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்றார் சாக்லா. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அவர் தமக்கென எதையும் பெற்றதாக ஆணையம் கூறவில்லை என்பதையும் நேர்மை கருதிச் சொல்லியாக வேண்டும். 1960-களில் அவர் மீண்டும் நிதியமைச்சரானார். அவ்விவகாரத்தில் பதவியிழந்த நிதிச் செயலாளர் எச். எம். படேல் 1977-இல் தாமே நிதியமைச்சரானது இன்னும் வியப்பு.

மாமனார் தலைமையமைச்சர், மனைவி 1959-இல் காங்கிரஸ் தலைவர். அவ்வாண்டு கேரளத்தின் கம்யூனிஸ்டு அரசைக் கலைத்ததையும் பெரோஸ் எதிர்த்தார். வீட்டில் இதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதைப் பற்றிப் பலர் பலவாறு எழுதியுள்ளனர். அவ்வாராய்ச்சி நமக்கு வேண்டா. தம் நாற்பத்தெட்டாம் பிறந்தநாளுக்கு நான்கு நாட்கள் இருக்கையில், 1960 செப்டம்பர் 8 அன்று, மாரடைப்பால் தில்லியில் காலமானார்.

சட்டத்தின் வாழ்க்கை அத்துடன் முடியவில்லை. 1975 ஜூன் மாத இறுதியில் நெருக்கடிநிலை வந்தது. செய்தித் தணிக்கையும் உடன் வந்தது. எதிர்க்கட்சியினர் அவையில் பேசியவை அச்சேற இயலாமற் போயின. ஆயினும் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் இருந்துகொண்டே இருந்தது. தணிக்கை என்றேனும் நீங்கினாலும் செய்தியாளரைக் காக்கும் சட்டம் அது. அதையும் விட்டுவைக்கவில்லை. 1975 டிசம்பர் 8 அன்று அவசரச் சட்டம் ஒன்றினால் அது நீக்கப்பட்டது. 1976-இல் நாடாளுமன்றம் அந்நீக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. அப்போது தலைமையமைச்சராக இருந்தவர் இந்திரா காந்தி. அவர் நின்று வென்ற தொகுதி, கணவர் முன்பு வென்ற அதே ரேபரேலி.

வரலாற்றாசிரியர் சிலர் இதனைக் குடும்பக் கதையாகவே எழுதிச் சுவை கூட்டுவர். எமக்கு அதில் உடன்பாடில்லை. கணவரின் நினைவைக் குலைக்க இந்திரா இதைச் செய்தார் எனக் கருதச் சான்றில்லை. அச்சம் கொண்ட அரசுக்கு எந்தச் சட்டம் இடைஞ்சலாகத் தோன்றியதோ அதை அகற்றினார்கள். அச்சட்டம் எவருடையது என்று பார்க்கவில்லை. பெரோஸ் எத்துணை முக்கியமான இடத்தில் கை வைத்திருந்தார் என்பதற்கு அதுவே சான்று.

1977 மார்ச்சுத் தேர்தலில் ரேபரேலி வாக்காளர்கள் இந்திராவைத் தோற்கடித்தனர். புதிய ஜனதா அரசு அவ்வாண்டே அச்சட்டத்தை மீண்டும் கொண்டுவந்தது. எளிய சட்டத்தை எளிதில் நீக்கிவிட இயலும் என்பதை அனுபவம் காட்டிவிட்டதால், 44ஆம் திருத்தத்தின்வழி அரசமைப்பிலேயே 361-ஏ என்னும் புதிய பிரிவு சேர்க்கப்பட்டு, 1979 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பெரோஸின் சட்டம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உரியதாக இருந்தது. புதிய பிரிவு மாநிலச் சட்டமன்றங்களின் நடவடிக்கைகளுக்கும் பொருந்தும். சென்னைக் கோட்டையில் நேற்று நிகழ்ந்த விவாதத்தை இன்று காலை நாளிதழில் படிக்கும் நாமும் அதன் நிழலில் இருக்கிறோம்.