ரெலிபோனில் வரும் முதலாளி: ஊபர் சாரதிகள் மீதான மோசடியின் வரலாறு

அமெரிக்க நகரங்களில் ஊபர், லிஃப்ட் ஓடும் சாரதிகளிடையே 2010களின் பிற்பகுதியில் ஒரு திருட்டுப் பரவியது. அதன் முறை எளிது. ஓட்டம் ஒன்று வருகிறது; சாரதி ஏற்றுக்கொள்கிறார். ஆளை ஏற்றப் போய்க்கொண்டிருக்கும்போதே ரெலிபோன் அடிக்கிறது. திரையில் தெரிவது பயணிகள் அழைக்கும்போது வழமையாக வரும் அதே வகை இலக்கம். பேசுபவரோ, 'கொம்பனியின் உதவிப் பிரிவிலிருந்து பேசுகிறேன்' என்கிறார். சாரதியின் பெயரைச் சொல்கிறார், காரின் வகையைச் சொல்கிறார், இலக்கத் தகட்டையும் சொல்கிறார். ஓட்டத்துக்கு அழைக்கும் எவருக்கும் செயலி இந்த விபரங்களைக் காட்டும். ஆனால் அந்த நேரத்தில் அது சாரதியின் நினைவுக்கு வருவதில்லை. 'உங்கள் மேல் ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது. இந்தப் பயணியை ஏற்ற வேண்டாம், காரை ஓரமாக நிறுத்துங்கள். நீங்கள்தானா என்று உறுதிப்படுத்த வேண்டும். இப்போது வரும் குறுஞ்செய்தியில் உள்ள இலக்கங்களை வாசியுங்கள்.' சிலருக்கு முறைப்பாட்டுக்குப் பதிலாகப் பரிசுத் தொகை ஒன்றைப் பற்றிச் சொல்லப்படும். இலக்கங்களை வாசித்ததும் கணக்குக் கைமாறிவிடும். பணம் போய்ச் சேரவேண்டிய வங்கி அட்டை மாற்றப்படும். அதுவரை சேர்ந்திருந்த உழைப்பு முழுவதும் சில நிமிடங்களில் வேறொருவரிடம் போய்விடும்.

இதைச் சாரதியின் கவனயீனம் என்று சொல்லிவிடுவது இலகு. ஆனால் இந்தத் திருட்டு எங்கிருந்து வந்தது, எதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது என்று பார்த்தால் வேறொரு கதை தெரியும்.

ஆளை ஏமாற்றி இரகசியத்தை வாங்கும் கலை கணனிக்கு முந்தியது. பிற்காலத்தில் அமெரிக்காவின் பெயர்பெற்ற கணனி ஊடுருவியான கெவின் மிட்னிக், 1970களில் லொஸ் ஏஞ்சல்சில் சிறுவனாக இருந்தபோது செய்த முதல் வேலைகளில் ஒன்று பஸ் சாரதி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்ததுதான். பாடசாலை வேலைக்குத் தேவை என்று சொல்லி, பஸ் ரிக்கற்றில் துளையிடும் கருவியை எங்கே வாங்கலாம் என்று கேட்டறிந்தார். குப்பையில் வீசப்பட்டிருந்த வெற்று ரிக்கற்றுகளைப் பொறுக்கித் துளையிட்டு நகரம் முழுவதும் இலவசமாகச் சுற்றினார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சாரதி ஏமாந்தார், ஆனால் அவருடைய சம்பளத்தில் ஒரு சதமும் குறையவில்லை. நட்டம் போக்குவரத்து நிறுவனத்துக்கே.

'பிஷிங்' என்ற சொல் 1990களின் நடுப்பகுதியில் பிறந்தது. தூண்டிலிட்டு மீன்பிடிப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை மாற்றி இதை உருவாக்கினார்கள். அந்த எழுத்து மாற்றம், 1970களில் ரெலிபோன் வலையமைப்பை ஏமாற்றி இலவசமாகப் பேசிய குழுக்களின் பெயரிலிருந்து வந்தது. அப்போது அமெரிக்கா ஒன்லைன் என்ற நிறுவனம் இணையத் தொடர்புக்கு மணிக்கணக்கில் காசு வாங்கியது. அதைக் கட்ட விரும்பாத இளைஞர்கள் நிறுவன ஊழியர்போல மற்றப் பாவனையாளர்களுக்குச் செய்தி அனுப்பினார்கள்: உங்கள் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், கடவுச்சொல்லை அனுப்புங்கள். ஏமாந்தவரின் பெயரில் மணிக்கணக்காக இணையத்தில் இருந்தார்கள். நிறுவனம் கடைசியில் எச்சரிக்கை ஒன்றைச் சேர்த்தது: எமது ஊழியர் எவரும் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கமாட்டார். இன்று ஊபரும் ஏறத்தாழ இதே வசனத்தைத்தான் தன் சாரதிகளுக்குச் சொல்கிறது. முப்பது வருடமாக ஒரே வசனம், ஒரே தூண்டில்.

அப்படியானால் சாரதிகளிடம் இது ஏன் இவ்வளவு இலகுவாகப் பலித்தது? அதற்கு வாடகைக் கார்த் தொழில் மாறிய விதத்தைப் பார்க்க வேண்டும்.

பழைய ரக்ஸிக்காரருக்கு ஒரு கராஜ் இருந்தது. காரை வாடகைக்குக் கொடுக்கும் முதலாளி அங்கே இருந்தார். ரேடியோவில் ஓட்டம் கொடுப்பவரின் குரல் ஒவ்வொரு நாளும் கேட்டுப் பழகிய குரல். அந்த முறையில் சுரண்டல் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. பணத்தைப் பறிக்கக் கத்தியோடு காரில் ஏறியவர்களும் இருந்தார்கள். ஆனால் திருடன் தன் முகத்தோடு வரவேண்டியிருந்தது. முதலாளியோடு சண்டை பிடிப்பதென்றால் போய்ச் சண்டை பிடிக்க ஒரு இடமும் இருந்தது.

2009இல் தொடங்கப்பட்ட ஊபர் 2010இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓடத் தொடங்கியது. 2012இல் லிஃப்ட் வந்தது. அதே ஆண்டில் ஊபர் தன் மலிவு விலைச் சேவையையும் ஆரம்பித்தது. கராஜ் போய்விட்டது, அதன் முதலாளியும் போய்விட்டார். வேலைக்கு எடுப்பதும், ஓட்டம் கொடுப்பதும், கூலியைத் தீர்மானிப்பதும், வேலையால் நிறுத்துவதும் ஒரு கைத்தொலைபேசித் திரை. பயணிகள் ஐந்துக்குப் போடும் நட்சத்திரங்களின் சராசரி குறைந்தால் கணக்கு மூடப்படலாம். 'வேலை போய்விட்டது' என்று கூடச் சொல்லமாட்டார்கள். கணக்குச் செயலிழந்தது என்பார்கள்.

'சாரதிகள் சுயதொழில் செய்பவர்கள், நாங்கள் இடையில் நிற்கும் தொழில்நுட்ப நிறுவனம் மட்டுமே' என்று கொம்பனி வாதாடியது. யசீன் அஸ்லம், ஜேம்ஸ் ஃபாரர் என்ற இரு சாரதிகள் லண்டனில் தொடங்கிய வழக்கில், 2021 பெப்ரவரி 19 அன்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. நீதிபதிகள் காட்டிய காரணங்களில் ஒன்று எமது விடயத்துக்கு முக்கியமானது: பயணிக்கும் சாரதிக்கும் இடையிலான தொடர்பைக் கொம்பனி ஆகக் குறைந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகிறது. இருவரும் மற்றவரின் உண்மையான ரெலிபோன் இலக்கத்தை அறியாதபடி அழைப்பு இடையில் மறைக்கப்படுகிறது. இதில் இருவருக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் எந்த அழைப்பும் கொம்பனியின் வாசல் வழியாகத்தான் வருகிறது என்பதால், திருடனுக்கும் அதே வாசல் திறந்திருந்தது.

அடுத்த மாற்றம் பணத்தில் வந்தது. ஆரம்பத்தில் சாரதிகளுக்குக் கிழமைக்கு ஒருமுறை பணம் வந்தது. 2015இன் இறுதியில் லிஃப்ட்டும், 2016இல் ஊபரும் உழைத்ததை உடனே அட்டைக்கு எடுக்கும் வசதியைக் கொடுத்தன. ஊபரில் ஒரு நாளில் பல தடவை எடுக்கலாம். பெற்றோலுக்கும் வாடகைக்கும் அந்தரப்படும் சாரதிக்கு இது பெரிய உதவி, மறுக்கமுடியாது. ஆனால் கிழமைக்கு ஒருமுறை சம்பளம் வந்த காலத்தில், கணக்கு களவு போனாலும் முறையிட்டுத் தடுக்கச் சில நாட்கள் இருந்தன. இப்போது அந்த நாட்கள் நிமிடங்களாகிவிட்டன.

இனி, ஏமாந்தது படிக்காத சாரதி என்று சொல்பவர்களுக்கு ஒரு விடயம். 2016இல் ஊபரின் தரவுகளுக்குள் நுழைந்தவர்கள் 57 மில்லியன் பேரின் விபரங்களை எடுத்தார்கள். அமெரிக்கச் சாரதிகள் சுமார் 6 இலட்சம் பேரின் பெயர்களும் சாரதி அனுமதிப்பத்திர இலக்கங்களும் அதில் அடங்கும். கொம்பனி ஊடுருவியவர்களுக்கு 1 இலட்சம் டொலர் கொடுத்து விடயத்தை மறைத்தது. 2017 நவம்பரில்தான் வெளியில் சொன்னது. 2018இல் மாநில அரசுகளுக்கு 148 மில்லியன் டொலர் கட்டச் சம்மதித்தது. பாதுகாப்புப் பிரிவின் தலைவராக இருந்த ஜோ சலிவனை 2022இல் ஜூரிகள் குற்றவாளியாகக் கண்டார்கள். 2023இல் சிறையில்லாமல் மூன்று வருட நன்னடத்தைக் காவலோடு அவர் வீடு போனார்.

2022 செப்டெம்பரில் ஊபர் மறுபடியும் உடைக்கப்பட்டது. கொம்பனிக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்த ஒருவரின் கடவுச்சொல் முதலில் களவு போயிருந்தது. அவருடைய ரெலிபோனுக்கு 'அனுமதிக்கிறீர்களா' என்ற கேள்வி திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டது. தான் கொம்பனியின் கணனிப் பிரிவைச் சேர்ந்தவன் என்று வட்ஸ்அப்பில் எழுதியதாக ஊடுருவியவர் சொன்னார். அந்த ஒப்பந்தக்காரர் கடைசியில் சம்மதித்தார். 2023இல் லண்டன் ஜூரிகள் இதற்குப் பொறுப்பாகக் கண்டது 18 வயது இளைஞர் ஒருவரை. அதாவது சாரதி விழுந்த அதே குழியில், பாதுகாப்புக்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கும் கொம்பனியும் விழுந்தது. கொம்பனி மறுநாளும் ஓடியது. சாரதிக்கோ வாடகைக் காசு போனது. ஒப்பந்தத்தின்படி கணக்கைக் காப்பது அவர் பொறுப்பு.

எங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கதையின் உட்பக்கம் நன்றாகப் புரியும். உணவகக் குசினியில் முதலாளி ஏசினாலும் முன்னால் நின்றுதான் ஏசுவார். வேறொருவன் வந்து 'நான்தான் முதலாளி' என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த எவருக்கும் மற்றக் குரலையும் தெரியும். தெளிவான அந்நிய மொழியில், கோப்பு இலக்கத்தோடு, பெயரைப் பிழையாக உச்சரித்துக்கொண்டு வரும் அதிகாரக் குரல். அதனிடம் 'நீ யார்' என்று திருப்பிக் கேட்கும் துணிவு எமக்கு எளிதில் வருவதில்லை. அமெரிக்காவின் பெருநகரங்களில் இந்தக் கார்களை ஓட்டுபவர்களில் பெரும்பகுதியினர் குடியேறி வந்தவர்கள். திருடன் புதிதாக ஒரு பயத்தை உண்டாக்கவில்லை. முறைப்பாடு, கணக்கு மூடல் என்று கொம்பனி ஏற்கெனவே உண்டாக்கி வைத்திருந்த பயத்தைக் கடன் வாங்கினான். முகமில்லாத முதலாளியின் குரலை எவரும் எடுத்துப் பேசலாம் என்பதே அவனுடைய மூலதனம்.

இதற்கு எதிரான போராட்டமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தங்கள் கணக்குகள் விசாரணையின்றி மூடப்பட்டன என்று சாரதிகள் போட்ட வழக்கில், 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேன்முறையீட்டு நீதிமன்றம், பல மூடல்களில் மனிதரின் பங்கு பெயரளவுக்கே இருந்தது என்று கண்டது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் செயலிவழித் தொழிலாளருக்கான சட்ட ஆணையை நிறைவேற்றியது. இயந்திரம் மட்டும் தீர்மானித்து ஒருவரின் கணக்கை மூடக்கூடாது, தொழிலாளர் பேசித் தெளிவு பெற ஒரு ஆள் குறிக்கப்பட வேண்டும், தொழிலாளர் தமக்குள் பேசிக்கொள்ள வழி செய்யப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. நாடுகள் இதைத் தம் சட்டத்தில் சேர்க்க 2026 டிசம்பர் வரை தவணை.

கடவுச்சொல்லைக் கவனமாக வைத்திருங்கள் என்ற எச்சரிக்கையால் மட்டும் இந்தத் திருட்டு நிற்கப் போவதில்லை. வந்த அழைப்பை வைத்துவிட்டு, தெரிந்த ஒரு மனிதரை அழைத்து 'இப்படி ஒருவர் கேட்கிறார், உண்மையா?' என்று விசாரிக்க முடிந்தால், இந்தத் தூண்டிலில் பெரும்பாலானோர் மாட்டமாட்டார்கள். இன்று அப்படிக் கேட்கச் சாரதிக்கு இருப்பது, விமான நிலையத் தரிப்பிடத்தில் பக்கத்துக் காரில் ஓட்டத்துக்காகக் காத்திருக்கும் இன்னொரு சாரதிதான். கொம்பனி செய்யவேண்டிய வேலையை அவர் கூலியில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்.