மளிகைக் கடை (தமிழ்நாடு)

அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் முதலிய சமையல் சரக்குகளைச் சில்லறையாக நிறுத்து விற்கும் சிறுகடை. பலசரக்குக் கடை என்றும் சொல்வர். தென்மாவட்டத்தார் நடத்துவதைச் சென்னையில் அண்ணாச்சி கடை என்பர்.

உப்பை வண்டியேற்றி ஊர் ஊராகச் சென்று நெல்லுக்கு மாற்றிய உமணரைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. மதுரையின் பகல் அங்காடியையும் இரவு அங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கிறது. தெருவுக்கொரு நிலையான கடை என்பது பிற்காலத்து வளர்ச்சி. அதில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை நாடார் வணிகரின் பங்கு பெரிது. பேட்டை என்னும் காவலுள்ள தங்குமிடம் அமைத்துச் சரக்கைக் காத்தனர். வியாபாரத்தின் மீது மகமை என்னும் பொதுநிதி வசூலித்துப் பள்ளிகள் நடத்தினர். 1921இல் தூத்துக்குடியில் இவர்கள் தொடங்கிய நாடார் வங்கியே இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. 1904இல் பிறந்த திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், மளிகை விற்கும் வேலையைக் கூட்டுறவாகச் செய்ய முயன்றது.

மளிகைக் கடையின் வலிமை சிறிய அளவில் விற்பதில் இருக்கிறது. நூறு கிராம் பருப்பு கேட்டாலும் மடித்துத் தருவார்கள். அன்றாடக் கூலிக்காரரால் அன்றைய சமையலுக்கு மட்டும் வாங்க முடிந்தது. வீட்டில் வீணாவதற்கு மிச்சம் இருக்காது. கையில் காசில்லாத நாளில் பற்று நோட்டில் எழுதிக்கொண்டு சரக்கைக் கொடுத்தார்கள். பசியைத் தள்ளிவைத்த அந்த நோட்டை உணவுப் பாதுகாப்பு பற்றிய எழுத்துகள் போதிய அளவு பேசியதில்லை. சாக்கும் எண்ணெய் டின்னும் மறுபடி பயன்பட்டன. பழைய செய்தித்தாள் பொட்டலமாயிற்று.

ஆனால் தெருவில் இருப்பதாலேயே ஒரு கடை உள்ளூர் விளைச்சலை விற்பதாகிவிடாது. மொத்த விற்பனை மண்டிக்கு வருவதே கடைக்கு வரும். 1960களுக்குப் பின் பசுமைப் புரட்சியும் நியாயவிலை அரிசியும் பரவ, கம்பும் சோளமும் சாக்கு வரிசையிலிருந்து ஒதுங்கின. துவரம்பருப்பு மகாராஷ்டிரம், கர்நாடகத்திலிருந்து வருகிறது. மியான்மர், மொசாம்பிக் பருப்பும் இந்தியச் சந்தையில் கலக்கிறது. செக்கெண்ணெய் நின்ற இடத்தில் பாமாயில் பாக்கெட் நிற்கிறது. பழியைக் கடைக்காரர் மேல் போடுவது தவறு. கொள்முதல், இறக்குமதிக் கொள்கைகள் அவர் கையில் இல்லை.

காய்கறியில் வேறு வழி திறந்தது. 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கி, விளைவித்தவரே தராசு பிடித்தார். சென்னையின் காய்கறி மொத்த வணிகமோ 1996இல் கொத்தவால்சாவடியிலிருந்து மாறிக் கோயம்பேட்டில் குவிந்தது. 2020 மே மாதம் பெருந்தொற்றால் கோயம்பேடு மூடப்பட, நகரமே தடுமாறியது. அந்நாட்களில் ஊரடங்கு நேரக் கட்டுப்பாட்டுக்குள்ளும் அரிசி பருப்பை வீட்டுக்கு எட்டும் தூரத்தில் வைத்திருந்தவை தெருக்கடைகள்.

2012இல் பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அன்னிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது, தமிழக அரசு தன் மாநிலத்துக்குள் ஏற்க மறுத்தது. 2022 ஜூலையில், 25 கிலோ வரையிலான முத்திரையிட்ட அரிசி, பருப்புப் பைகளுக்கு 5 விழுக்காடு சரக்கு சேவை வரி வந்தது. சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தருவதற்கு அந்த வரி இல்லை.